தட்டத்தில் வைத்த தாய்மாமன்

கோப்பாய்
22.06.2025

அன்புள்ள அண்ணை,

இங்கே எல்லோரும் சுகம். சுகமில்லாத ஓர் ஆளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஒரு வாரமாக உங்கள் அழைப்பு எனக்கு வருவதில்லை என்று கவனித்திருப்பீர்கள். இணைப்பில் பிழையில்லை. உங்களை நான் மறித்து வைத்திருக்கிறேன். தொல்லை தரும் இலக்கத்தை எப்படி மறிப்பது என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். செய்துபார்க்க ஓர் இலக்கம் தேவைப்பட்டது. நன்றாக வேலை செய்கிறது.

போனில் உங்களோடு கதைக்க முடியாது. நான் ஒரு வசனம் முடிக்க முன் ஸ்பீக்கரைப் போடுகிறீர்கள். மச்சாள் கேட்கிறா. மேல்மாடிக்காரர் கேட்கிறார். பிறகு "சரி சரி, நீ டென்சன் ஆகாதை" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்துக்குக் குறுக்கே பேச முடியாது. அதனால் தாள்.

விடயம் பழையதுதான். ஆரபியின் சாமத்திய வீட்டு வீடியோவை உங்கள் யூடியூப் சனலில் இருந்து எடுத்துவிடுங்கள்.

ஏன் என்று மறுபடியும் எழுதுகிறேன். என் பிள்ளை பெரியவளான சடங்கு. வயது பதின்மூன்று. பல்லக்கில் இருந்து இறங்கிக் கண்ணாடி பார்க்கிற துண்டை யாரோ வெட்டி எடுத்து, வேறொரு பாட்டைப் போட்டுப் பரப்பியிருக்கிறார்கள். அவள் வகுப்புக்குள் நுழையும்போது பின்வரிசை வாங்கில் அந்தப் பாட்டை மூக்கால் பாடுகிறார்கள். அது போதாதென்று, அவளுடைய முகத்தை வைத்து அவளுடைய பெயரிலேயே ஒரு போலிக் கணக்கு. வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் அதிலிருந்து நட்பு அழைப்புப் போகிறது. விவரம் தேட அந்த ஆள் கஷ்டப்படவில்லை. வீடியோவுக்குக் கீழே நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பெயர், வயது, ஊர், பள்ளிக்கூடம், வகுப்பு. "எங்கடை செல்ல மருமகள்."

ஆரபி பள்ளிக்கூடம் போவதில்லை. வயிற்றுக்குத்து என்கிறாள். காலையில் தொடங்கி, என் ஸ்கூட்டி வாசல் படலையைத் தாண்டியதும் நின்றுவிடுகிற வயிற்றுக்குத்து.

இன்னொன்று. கைபேசியைப் பாதுகாப்பாகப் பாவிப்பது பற்றி எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் வேலையைப் பள்ளிக்கூட அதிபர் என் தலையில் கட்டியிருக்கிறார். ஆரபியின் வகுப்பும் அதற்குள் வருகிறது. வியாழக்கிழமை பலகையில் எழுதினேன்: ஒருவருடைய படத்தைப் போட முன் அவரிடம் கேள். சுபாங்கன் எழும்பினான். கெட்ட பிள்ளை இல்லை.

"மிஸ், ஒரு டவுட். ஆரபியின்ரை வீடியோ போடேக்கை ஆரபியிட்டைக் கேட்டவையோ?"

வகுப்பு சிரித்தது. நான் பலகையை அழித்தேன். அழித்து முடிந்த பிறகும் அழித்துக்கொண்டு நின்றேன்.

எடுங்கள், அண்ணை.

உங்கள் தங்கை
ஜெயனி

பி.கு: உங்கள் மச்சானுக்குப் போன் எடுத்து என்னைச் சமாதானப்படுத்தச் சொல்ல வேண்டாம். என் மனுசனுடைய போனிலும் மறித்தாயிற்று.


பாரிஸ்
06.07.2025

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கடிதப் பெட்டிக்குள் கரண்ட் பில்லைத் தவிர வேறொன்றைக் கண்டு கனகாலம். பேனை தேடவே அரைநாள் போனது. எழுத்துக் கோணல். பொறுத்துக்கொள்.

ஆரபிக்கு இப்படி என்று வாசிக்க வயிறு எரிகிறது. அந்தக் கள்ளனைப் பிடித்து உதைக்க வேண்டும். அதில் உனக்கும் எனக்கும் சண்டையில்லை. ஆனால் நீ கள்ளனை விட்டுவிட்டு என்னைப் பிடிக்கிறாய்.

எல்லாம் நான் செய்த மாதிரி எழுதியிருக்கிறாய். வீடியோக்காரரைப் பிடித்தது யார்? கண்ணாடி பார், திரும்பு, மெல்லச் சிரி என்று பிள்ளையை வளவு முழுக்க நடத்தும்போது சீலைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் போனது யார்? நானோ? நான் இங்கே ரெஸ்டோரண்ட் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றேன்.

ஜெயனி, நான் தாய்மாமன். வர முடியாத தாய்மாமன். என் விசா அலுவல் எப்போது முடியும் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. நீங்கள் என்ன செய்தீர்கள்? என்னைப் போனுக்குள் ஏற்றி, வெற்றிலை, வாழைப்பழம், தேங்காயோடு ஒரு தட்டத்தில் வைத்தீர்கள். என் இடத்தில் நின்று பெரியம்மாவின் மகன் கஜானன் பிள்ளையின் தலையில் பாலறுகு வைத்தான். பால் ஒரு சொட்டு என் முகத்தில் விழுந்தது. வீடியோவில் தெரிகிறது. ஒருவரும் துடைக்கவில்லை. நான் இங்கே இருந்துகொண்டு என் கன்னத்தைத் துடைத்தேன்.

வேலைக்குப் போகும் ரயிலில் அந்த இடத்தைத்தான் பார்ப்பேன். அதைவிடக் கூடுதலாக, கீழே சனம் எழுதியிருப்பதைப் பார்ப்பேன். "மயூரதன் வராட்டிலும் மாமன் கடமையைக் குறையில்லாமல் செய்துபோட்டான்." எழுதியவர் புத்தூர்ச் சந்தியில் கடை வைத்திருந்தவர். நான் ஊரை மறந்துவிட்டேன் என்று இத்தனை வருடமாய்ச் சொல்லித் திரிந்த மனுசன். வீடியோவை எடுத்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். பிறகு அந்தச் சடங்கில் நான் எங்கே இருந்தேன்?

நீ சொன்னதில் கொஞ்சம் செய்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தின் பெயரை அழித்துவிட்டேன். மிச்சத்தைக் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்போம். சனம் மறந்துவிடும்.

அன்பு அண்ணன்
மயூரதன்


கோப்பாய்
20.07.2025

அண்ணை,

என் கடிதத்தைப் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போட்டிருக்கிறீர்கள்.

இந்த வசனத்தை எழுதிவிட்டு, எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

சின்னம்மா கனடாவில் இருந்து எழுதுகிறா: "ஜெயனியின்ரை எழுத்து இப்பவும் முத்து மாதிரி." பெரியப்பா கும்பிடுகிற கை ஒன்று போட்டிருக்கிறார். அதற்குக் கீழே யாரோ ஒரு ரோசாப்பூ, காலை வணக்கம். வாசித்தவர்களும் வயிற்றுக்குத்து என்ற இடத்தை மட்டும் வாசித்திருக்கிறார்கள். மறுநாளே உங்கள் மச்சானின் அக்கா செத்தல் மிளகாயோடு வந்து நின்றா. "கண்ணூறு, ஜெயனி. உவ்வளவு வடிவாய்ச் செய்தால் படாதோ?" ஆரபியைப் போர்வையோடு இருத்தி மூன்று தரம் சுற்றினா. மிளகாய் வெடித்தது. வீடு முழுக்க இருமினோம்.

இனி எழுதப்போவதைக் குழுவில் போடாதீர்கள். வாசியுங்கள்.

ஆரபியின் பெயரில் இருக்கிற அந்தக் கணக்கு லவீனாவுக்கு எழுதியிருக்கிறது. லவீனா ஆரபியோடு ஒரே வாங்கில் இருக்கிறவள். "நீ சீலை கட்டின படம் ஒண்டு அனுப்பு, நானும் அனுப்புறன்." லவீனா அனுப்பவில்லை. திருப்பிக் கேட்டிருக்கிறாள்: "என்ரை சைக்கிளுக்கு நாங்கள் வைச்ச பேர் என்ன?" பதிலுக்கு ஓர் இதயம் வந்தது. காலையில் போனைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

"மிஸ், உது ஆரபி இல்லை. ஆரபி எண்டால் கறுப்பி எண்டு சொல்லியிருப்பாள்."

மறுபக்கம் இருப்பது யார் என்று நிச்சயமில்லாவிட்டால், அவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேள். நான் படிப்பித்தது. சந்தோசமாக இருந்தது. கொஞ்ச நேரம்தான்.

"ஆனா மிஸ், வேறை ஒராள் அனுப்பிப்போட்டாள்."

அந்தப் பிள்ளையின் பெயரை எழுதமாட்டேன். சாதாரணப் படம். சீலை, பூ, சிரிப்பு. ஆரபிக்கு என்று நினைத்து அனுப்பியிருக்கிறாள். அது இப்போது யாருடைய கையில் என்று தெரியாது. தாயையும் கூட்டிக்கொண்டு பொலிஸ் நிலையம் போனேன். தாய் கைப்பையின் சிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தா.

"ஆரபியின்ரை படம் அவங்களுக்கு எங்காலை கிடைச்சது?" என்று பொலிஸ்காரர் கேட்டார். உங்கள் சனலைக் காட்டினேன். அழுத்தினார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வடிவாய்த்தான் செய்திருக்கிறியள்" என்றார். "எந்த ஹோல் ரீச்சர்?"

பிறகு முறைப்பாட்டை எழுதிக்கொண்டார். கணக்கை மூடுவிக்கலாமாம். "மூடினாலும் நாளைக்கு இன்னொண்டைத் திறப்பாங்கள். படம் அங்கை கிடக்குதானே."

அங்கே என்றால் உங்களிடம்.

சீலைக் கரையைத் தூக்கிப் பிடித்தது நான்தான். ஓம். தட்டத்தைப் பிடித்ததும் நான்தான். பால் விழுந்ததைக் கண்டேன். இரண்டு கையிலும் தட்டம். துடைக்கக் கை இருக்கவில்லை.

கடைக்காரர் எழுதியதைச் சொன்னீர்கள். நானும் எல்லாவற்றையும் வாசித்தேன். அவருக்குக் கீழே, அதே வரிசையில், முகம் காட்டாத ஆண்கள் எழுதியிருக்கிறார்கள். அதையெல்லாம் இந்தத் தாளில் எழுத எனக்குக் கை வரவில்லை. நீங்கள் அவற்றைத் தாண்டிப் போகிறீர்கள். ஆரபி தாண்டிப் போகவில்லை. ஒவ்வொன்றாய் வாசித்திருக்கிறாள்.

சனம் மறந்துவிடும் என்கிறீர்கள். சனம் மறக்கலாம். போட்டது அங்கேயே கிடக்கும். இதை எட்டாம் வகுப்புக்குச் சொன்னேன். அவர்களுக்கு விளங்கியது.

ஜெயனி


பாரிஸ்
03.08.2025

ஜெயனி,

எடுத்துவிட்டேன்.

குசினிக்குப் பின்னால் உள்ள படியில் இருந்து, கீழே எழுதியிருந்தது எல்லாவற்றையும் வாசித்தேன். தாண்டாமல். உள்ளே இருந்து என்னைக் கூப்பிட்டார்கள். போகவில்லை. பிள்ளையைப் பற்றி ஒருவன் எழுதியிருக்கிறான். அதற்குக் கீழே நான் "நன்றி உறவே" என்று போட்டுக் கும்பிட்டிருக்கிறேன். எல்லோருக்கும் வரிசையாய் நன்றி சொல்லிக்கொண்டு போனபோது அவனுக்கும் சொல்லியிருக்கிறேன். வாசிக்காமல்.

அழிக்க அழுத்தியதும் "நிச்சயமாகவா?" என்று போன் கேட்டது. ஓம் என்று அழுத்தினேன். மறுபடியும் கேட்டது. போட்ட அன்றைக்கு அது ஒன்றுமே கேட்டதாய் ஞாபகமில்லை.

குழுவில் போட்ட உன் கடிதத்தையும் எடுத்தேன். வீடியோவை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அழியுங்கள் என்று எழுதினேன். பெரியப்பா கும்பிடுகிற கை போட்டிருக்கிறார். அழித்தாரோ தெரியாது.

கடைக்காரர் எழுதியதும் போய்விட்டது. போகட்டும்.

எனக்கு ஒன்று கேட்கவேண்டும். உன்னிடம் இல்லை. இந்தத் தாளை ஆரபியிடம் கொடு.

ஆரபி பிள்ளை, உன்னுடைய படம் ஒன்று மாமாவுக்குத் தருவாயா? கழுவின படம், கடித உறைக்குள் வைத்து. என் அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டுவேன். நான் மட்டும் திறக்கிற கதவு. அந்தப் படத்தை வேறு படம் எடுக்கமாட்டேன். எந்தப் படம் என்பது உன் விருப்பம். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது. மாமா கோவிக்கமாட்டேன். கொஞ்சம் கோவிப்பேன். பிறகு சரியாகும்.

மயூரதன்


கோப்பாய்
24.08.2025

அன்புள்ள அண்ணை,

அந்தக் கணக்கை மூடிவிட்டார்கள். விடுமுறைக்குள் இன்னொன்று திறந்தது. அதையும் அறிவித்து மூடுவித்தோம். புதிதாய் எடுக்க இடமில்லாமல் பழைய படத்தையே வைத்திருந்தான். எல்லாம் அழிந்துவிட்டது என்று எழுதமாட்டேன். பிள்ளைகளுக்கும் அப்படிச் சொல்வதில்லை. மற்றப் பிள்ளையின் படம் எங்கே என்று இன்னும் தெரியாது. தாய் பொலிசுக்குப் போய்ப் போய் வருகிறா.

பள்ளிக்கூடத்தில் மூன்றாம் தவணை தொடங்கிய அன்று ஆரபி வந்து ஸ்கூட்டியில் ஏறி இருந்தாள். நான் ஸ்கூட்டியை எடுத்தேன். பின்வாங்கில் பாட்டுத் தொடங்கியதாம். "வாயைப் பொத்துங்கோடா, போதும்" என்று சுபாங்கன் சொன்னானாம். லவீனா வந்து சொன்னாள்.

இனி அதிபர். கைபேசிப் பாடத்தின் முடிவுக்கு ஒரு விழா வேண்டுமாம். பிள்ளைகள் ஆளுக்கொரு வாசகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, முகம், பெயர், வகுப்போடு பள்ளிக்கூடத்தின் பக்கத்தில் நேரலை. "உங்கள் படத்தை அந்நியருக்குக் காட்டாதீர்கள்" என்ற வாசகம் ஒரு பிள்ளையின் கையில். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நல்ல விசயம்தானே ரீச்சர். நாலு பேர் பாக்கட்டுமன்."

"பிள்ளையளிட்டை ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ சேர்."

காலைப் பிரார்த்தனையில் கேட்டார். ஓம் என்று ஒரே குரலில் வரும் என்று நினைத்திருப்பார். எதற்கும் அப்படித்தான் வரும். லவீனா கையைத் தூக்கினாள். "எனக்கு வேண்டாம் சேர்." பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாய்க் கைகள். ஆரபியின் கையும். விழா நடக்கும். நேரலை இல்லை. அதிபர் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதும் இல்லை.

உங்கள் தாளை ஆரபியிடம் கொடுத்தேன். கிணற்றடியில் நின்று வாசித்தாள்.

"மாமா என்னட்டையோ கேக்கிறார்?"

"ஓம். உன்னட்டைத்தான்."

"நான் வேண்டாமெண்டு சொன்னா, ஒளிச்சு அனுப்ப மாட்டியளே?"

"மாட்டன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

பல நாள் போனது. நான் கேட்கவில்லை. நேற்று அவளுக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். "வேண்டாமெண்டு எழுதுங்கோ அம்மா."

"ஏனெண்டு எழுதட்டோ?"

"ஏனெண்டு சொல்லவேணுமோ?"

யோசித்தேன். "தேவையில்லை."

சீப்பை என் கையில் இருந்து வாங்கி மிச்சத்தைத் தானே இழுத்தாள். வாய்க்குள் ஏதோ பாட்டு. அந்தப் பாட்டு இல்லை.

ஆகவே இந்த உறைக்குள் படம் இல்லை. கவிழ்த்துத் தட்டிப் பார்க்க வேண்டாம்.

உங்கள் இலக்கத்தைத் திறந்துவிட்டேன். கடிதம் கிடைத்து வருகிற ஞாயிறு எடுங்கள். குரல் மட்டும். கமெரா வேண்டாம். ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். இந்தக் கடிதம் குழுவில் வந்தால் திரும்பவும் மறிப்பேன். எனக்கு இப்போது கை பழகிவிட்டது.

ஆரபி பக்கத்தில் இருப்பேன் என்கிறாள். போனை அவளிடம் குடு, குடு என்று சத்தம் போடாதீர்கள். கதைக்கிறியோ என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, கொஞ்சம் பொறுத்து நில்லுங்கள்.

உங்கள் தங்கை
ஜெயனி