இரண்டாம் குளத்தின் கட்டுப்பாட்டை நீக்கக் கோரி

அனுப்புநர்:
கோ. பழனிவேல்,
கொடுவா மீன் வளர்ப்போர்,
பனங்காட்டுத்திட்டு, கிள்ளை வழி,
சிதம்பரம் வட்டம்.

பெறுநர்:
உதவி இயக்குநர் அவர்கள்,
மீன்வள அலுவலகம்,
கடலூர்.

பொருள்: மீன் தடுப்பூசி ஆய்வு – என் மனைவியால் நேர்ந்த குளறுபடி – வருத்தம் தெரிவித்தல் – இரண்டாம் குளத்து மீன்களுக்கும் ஊசி போட வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. உடம்பில் புண் வந்து மீன் சாகும் பாக்டீரியா நோய்க்கான தடுப்பூசியைச் சோதிக்க, சென்ற ஜூன் மாதம் எங்கள் பண்ணையின் இரண்டு குளங்களைத் தேர்வு செய்தீர்கள். முதல் குளத்துக் கொடுவாக் குஞ்சுகள் நானூற்றையும் மயக்க மருந்துத் தண்ணீரில் விட்டு, ஒவ்வொன்றாக எடுத்து வயிற்றில் ஊசி போட்டார்கள். இரண்டாம் குளத்து நானூற்றுக்குப் போடவில்லை. வித்தியாசம் பார்க்க அப்படி விடுவதே முறை என்றும், ஆய்வு முடிந்ததும் அவற்றுக்கும் போடப்படும் என்றும் களப்பணியாளர் செல்வி அனுப்பிரியா பொறுமையாக விளக்கினார். நான் தலையாட்டினேன்.

2. அவர் இரண்டு கரையிலும் பலகை நட்டார். ஒன்றில் ‘ஊசிக் குளம்’, மற்றதில் ‘கட்டுப்பாட்டுக் குளம்’. ஒப்பிட்டுப் பார்க்க ஊசி போடாமல் விடுவதை ஆங்கிலத்தில் ‘கன்ட்ரோல்’ என்பார்களாம், அதன் தமிழாக்கம். வம்பு அங்கேதான் தொடங்கியது.

3. என் மனைவி இருசம்மாள் கடலூர்ப் பக்கத்து மீனவ ஊரில் பிறந்தவர். அவருக்குப் பதினொரு வயதில், ஒரு வலைத் தகராறுக்காக அவர் வீட்டின் மேல் ஊர்க் கட்டுப்பாடு போட்டார்கள். எட்டு மாதம் ஒருவரும் அவர்களோடு பேசவில்லை. கடையில் உப்புகூடக் கொடுக்கவில்லை. கட்டுப்பாடு என்ற சொல்லுக்கு அவர் அறிந்த பொருள் அது ஒன்றுதான். பலகையைப் படித்துவிட்டு அவர் என்னிடம் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்: “இதுங்க என்னா தப்பு பண்ணுச்சின்னு தள்ளி வச்சிருக்காங்க?” நான் செல்போனைப் பார்த்தபடியே, “ஆபீசுல வச்ச பேரு, உனக்கு எதுக்கு?” என்று சொல்லிவிட்டேன். அன்று ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் இந்த மனுவே தேவைப்பட்டிருக்காது. அந்தத் தவறு என்னுடையது.

4. அதன்பின் நான் சிதம்பரம் போகும் நாளாகப் பார்த்து, அவர் இரண்டாம் குளத்தில் கைவலையால் இரண்டு மூன்றாகப் பிடித்து, குடத்தில் தூக்கிப்போய் ஊசிக் குளத்தில் விட்டிருக்கிறார். ஆகஸ்டில் அனுப்பிரியா எண்ணியபோது அங்கே நானூற்று இருபத்தொன்பது மீன்கள் இருந்தன. ஊசி போட்ட மீன் பிழைக்கும், பெருகாது. அவர் மறுபடி எண்ணினார். என் மனைவி சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்ற நிற்பிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கேட்பதற்கு முன் அவராகவே ஒப்புக்கொண்டார்.

5. மீன்கள் கலந்துவிட்டதால் எங்கள் பண்ணை ஆய்விலிருந்து நீக்கப்பட்டது நியாயமே. ஆனால் இரண்டாம் குளத்துக்குச் சொல்லியிருந்த ஊசியும் அத்தோடு போயிற்று. இப்போது எங்கள் வாய்க்காலிலேயே மேற்கே உள்ள பண்ணையில் மீன்கள் புண்ணோடு மிதக்கின்றன. ஊசி பலிக்க மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள். அடைமழை பிடித்தால் வாய்க்கால் தண்ணீர் எங்கள் குளத்துக்குள் வந்துவிடும். இருசம்மாள் தினமும் காலையில் கரையில் உட்கார்ந்து, மேலே வரும் ஒவ்வொரு மீனின் உடம்பையும் உற்றுப் பார்க்கிறார். என்னோடு பேச்சு குறைந்துவிட்டது. இப்போது கட்டுப்பாட்டில் இருப்பது நான்தான் என்று தோன்றுகிறது.

6. இடம் மாற்றிய இருபத்தொன்பதையும் முகம் பார்த்தே காட்டித் தருவதாக அவர் சொல்கிறார். நான் நம்பவில்லை. ஆனாலும் கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் அவரோடு பந்தயம் கட்டி நான் ஜெயித்ததில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆகவே, தாங்கள் கருணை கூர்ந்து மழைக்கு முன் இரண்டாம் குளத்து மீன்களுக்கும், இடம் மாறிய இருபத்தொன்பதுக்கும் ஊசி போட ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். பிடித்துக் கொடுக்கும் வேலை முழுவதும் எங்களுடையது. ‘கட்டுப்பாட்டுக் குளம்’ என்ற பலகையையும் தாங்களே எடுத்துவிட வேண்டும். நாங்கள் பிடுங்கினால் அது இன்னொரு குளறுபடியாகிவிடும் என்று தொடாமல் வைத்திருக்கிறோம்.

கடைசியாக ஒன்று. கட்டுப்பாடு நீங்கிய வீட்டில் ஊரார் வந்து கை நனைப்பது எங்கள் வழக்கம். என் மாமனார் வீட்டுக் கட்டுப்பாடு நீங்கிய அன்று, சமைத்து வைத்துவிட்டு மாலை வரை வாசலைப் பார்த்திருந்தார்களாம். ஒருவரும் வரவில்லை. ஊசி போட வருகிறவர்கள் எங்கள் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்று என் மனைவி கேட்டுக்கொள்கிறார். இதைக் கையூட்டாகக் கருத வேண்டாம். வெறும் சாம்பார்தான். குளத்து மீனைச் சமைக்க அவர் சம்மதிக்கவில்லை.

இடம்: பனங்காட்டுத்திட்டு
நாள்: 12.09.2025

இப்படிக்கு,
தங்கள் வருகையை எதிர்பார்க்கும்,
கோ. பழனிவேல்

உடன் கையொப்பம்:
ப. இருசம்மாள்
(மீனை மாற்றியவர்)