ஒற்றைக் கை போ

நேற்று உன் மகள் வந்து, நீ எழுதிய நீல அட்டை நோட்டை என் கையில் கொடுத்தாள். பிரித்ததும் தேக்குத்தூள் வாசம் வந்தது. பர்மாவில், தன்லி ஊர் மர மில்லை விட்டு நாம் வந்து இத்தனை வருடம் ஆகியும் அது போகவில்லை.

அங்கேதான் மரம் அறுக்கும் வாள் உன் வலது கையைக் கொண்டுபோனது. வாசலில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதும் வேலை தருவதாக முதலாளி சொன்னார். ஆனால் ஒரு மாதத்தில் இடது கையால் எழுதிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை. நாலு வயது மகளை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாயோ என்று நான் பயந்தேன். நீயோ எழுதிப் பழக, சூலே பகோடா பக்கத்து நடைபாதையில் அட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்து தமிழாக்கத் தொடங்கினாய். நூறு வருடத்துக்கு முந்திய அமெரிக்கச் சண்டையில் கையை இழந்த ஒரு படைத்தலைவரின் வாழ்க்கை அது. அவருடைய நீளமான பெயர் நம் வாயில் நுழையவில்லை. ராணுவ அதிகாரியைப் பர்மிய மொழியில் சொல்வதுபோல் ‘போ’ என்றே எழுதிவிட்டாய்.

முதல் பக்கத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். ‘போ வந்தார். எல்லோரும் போங்கள் என்றார் போ.’

“தளபதின்னு எழுதுய்யா. படிக்கிறவன், யார விரட்டுறேன்னு கேப்பான்.”

“தளபதின்னா எம்மகளுக்கு என்ன விளங்கும் பாய்? போன்னாத்தான் தெரியும் அவளுக்கு.”

காயம் ஆறுமுன் போ மறுபடி குதிரை ஏறினார். சண்டை முடிந்ததும் ஊர் ஊராகப் போய் ஓட்டு கேட்டு ஜெயித்தார். நேற்றுவரை அடிமையாக இருந்தவனுக்கும் ஓட்டு வேண்டும் என்று சபையில் எழுந்து பேசி, அடுத்த தேர்தலில் தோற்றார். அதை எழுதிய நாள் பென்சிலைக் கீழே வைத்தாய்.

“தோப்போம்னு தெரிஞ்சே பேசியிருக்காரு பாய்.”

எனக்கு அவரைவிட உன்னைப் பார்த்துத்தான் மலைப்பாக இருந்தது. நண்டு ஊர்ந்த மாதிரி இருந்த எழுத்து, பக்கம் போகப் போக நிமிர்ந்தது. மாதக் கடைசியில் முதலாளி முன்னால் நீ எழுதிய லாரி நம்பரை என்னால்கூட அத்தனை அழகாக எழுத முடியாது.

போன மாதம் உனக்குப் பேச்சு நின்றது. ஆஸ்பத்திரியில் உன் கையில் பென்சிலைக் கொடுத்தேன். ஒரு துண்டுத்தாளில் ‘போ’ என்று ஒரே எழுத்து எழுதினாய். எனக்குச் சுருக்கென்றது. என்னைப் போகச் சொல்கிறாய் என்று தாளைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் மதியம் நீ இல்லை.

நேற்று அந்தத் தாளைக் காட்டியதும் உன் மகள் சொன்னாள்: “எங்கிட்டயும் அப்பா அதத்தான் எழுதிக் காட்டுனாங்க மாமா. வீட்டுக்கு ஓடி இந்த நோட்ட எடுத்துட்டு வந்தேன். பர்மியப் பள்ளிக்கூடத்துல படிச்ச எனக்கு, அப்பா காட்டிக் குடுத்த அந்த ஒரு எழுத்தத் தவிரத் தமிழ் வாசிக்க வராதே. நீங்க வந்து வாசிப்பீங்கன்னு வாசலையே பாத்துட்டு இருந்தாங்க.”

அவளை உட்காரவைத்து, முதல் பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டினேன். அந்தத் துண்டுத்தாள் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. இப்போது அதைச் சரியாக வாசிக்கிறேன்.