நீ சொல்லாத இரண்டு

என் பாசத்துக்குரிய வம்புக்கார அண்ணா,

நலமா என்று கேட்டுத் தொடங்க மாட்டேன். கேட்டால் நீ என்ன பதில் சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அந்தப் பதிலை நினைத்தாலே வயிறு எரிகிறது.

தெமியாங்கில் அறை எடுத்துக் கணினி படித்த காலத்தில், லாபு தோட்டத்து வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் புரோகிராம்களை உன்னிடம்தான் முதலில் காட்டுவேன். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை நிறுத்திவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் வந்து உட்காருவாய். திரை "உங்கள் வயது?" என்று கேட்கும். நீ "அம்மாவைக் கேள்" என்று தட்டுவாய். எண்ணை எதிர்பார்த்த என் புரோகிராம் அங்கேயே நின்றுபோகும்.

"நம்பர் கேட்டா நம்பர் போடுண்ணா!"

"உன் கம்ப்யூட்டருக்கு ரோசம் ஜாஸ்திலா. ஒரு வார்த்தைக்கே படுத்துக்கிச்சு."

ஆத்திரம் ஆத்திரமாக வரும். உன்னைத் திட்டிக்கொண்டேதான் திருத்துவேன். வந்தது எண் இல்லையென்றால் புரியும்படி திரும்பக் கேட்க வேண்டும், நாமாக ஒரு எண்ணைப் போட்டு நிரப்பக் கூடாது. இது ஆரம்ப வகுப்புப் பாடம் அண்ணா. வேறொன்றும் தெரியாதவர்களுக்குச் சொல்லித் தருவது.

அன்றைக்கு உனக்கு நெஞ்சை அடைத்தபோது அண்ணிதான் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நான் வேலையிலிருந்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நடந்ததை அண்ணி அழுதுகொண்டே சொன்னார். முகப்பில் இருந்த பெண் கணினியைப் பார்த்தபடியே, வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டாளாம். நீ சொன்னாயாம், "பரவால்லலா, காத்துதான் புடிச்சிருக்கு."

நம்மவர்களுக்கு எதுதான் காத்து இல்லை? தலைவலி காத்து, முதுகுவலி காத்து. தைலம் தேய்த்து ஓர் ஏப்பம் விட்டால் நோய் தீர்ந்தது. நெஞ்சுவலியையும் அதில் சேர்த்துவிட்டாயே, பாவி! சட்டை நனைய வியர்க்கிறது, இடது கையைத் தூக்க முடியவில்லை, அப்போதுமா உனக்குப் பரவாயில்லை? வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் உன் கௌரவம் குறைந்துபோகுமா?

திரையில் வலிக்கான கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகாது. அந்தப் பெண் திரும்பக் கேட்கவில்லை. தானாக ஓர் எண்ணைத் தட்டினாள்.

"ரெண்டுன்னு போட்டுட்டு, போய் உக்காருங்கன்னு சொல்லிட்டாங்கம்மா. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்" என்றார் அண்ணி.

நீயும் சொன்னபடி போய் உட்கார்ந்தாய். உன்னைக் கூப்பிடுவதற்குள் அண்ணியின் தோளிலேயே சரிந்துவிட்டாய்.

அந்தத் திரையைச் செய்தவன் யாரோ, அவன்மேலும் எனக்குக் கோபம்தான். "சொல்லத் தெரியவில்லை" என்று ஒரு பொத்தான் வைத்தால் அவனுக்கு என்ன குறைந்துவிடும்? அவன் வீட்டில் இப்படிப் பதில் சொல்கிற ஆள் ஒருவர்கூடவா இல்லை?

இங்கே மற்றதெல்லாம் ஓடுகிறது. அண்ணி பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் வேலைக்குப் போகிறார். உன் லோரியை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். சாலையில் அந்தச் சத்தம் கேட்டால் அண்ணி கதவைச் சாத்திவிடுகிறார்.

ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் புகார் கொடுத்தோம். பதிலும் வந்தது. நோயாளியே தன் வலியை இரண்டு என்று தெரிவித்தாராம், அதனால் காத்திருக்க வைத்தது முறைதானாம். செத்தவன் வாயில் யாரோ தட்டிய எண்ணைத் திணித்து, உன் சாவுக்கு உன்னையே சாட்சி ஆக்கிவிட்டார்கள். இதைவிட அநியாயம் உண்டா?

நேரில் பேசலாம் என்று வருகிற வியாழக்கிழமை கூப்பிட்டிருக்கிறார்கள். அண்ணிக்குப் போக மனமில்லை.

"போன உசுரு திரும்பியா வரப் போவுது? விட்டுரும்மா."

"உசுருக்காக இல்லண்ணி. அவரு சொல்லாததச் சொன்னாருன்னு எழுதி வச்சிருக்காங்க. பாத்தது நீங்க ஒருத்தர்தான்."

அண்ணி எழுந்துபோய், வியாழக்கிழமைக்கு லீவு கேட்டு முதலாளியம்மாவுக்குப் போன் போட்டார்.

சத்தியமாகச் சொல்கிறேன் அண்ணா. அன்றைக்கு அவர்கள் காபி கொடுப்பார்கள், அனுதாபம் சொல்வார்கள், எனக்கு எதுவும் வேண்டாம். இரண்டு என்று நீ சொல்லவில்லை, அதை நாங்கள்தான் போட்டோம் என்று அவர்கள் கைப்பட எழுதித் தரும்வரை அந்த நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்க மாட்டேன்.

உன் கூடப் பிறந்தவள்,
மாலா