அந்தத் தாடிக்குள் என் சிரிப்பு

டிசம்பர் 24, புதன், இரவு

கிறிஸ்துமஸ் தாத்தா ஆகப் பயிற்சிக்கு வருகிறவர்களைப் பற்றிய அந்த வேடிக்கைப் படம் இன்று டிவியில் வந்தது. சாலைச் சந்தையில் இருக்கும் என் கடையை அடைத்துவிட்டுப் போய், பயிற்சிக்கு வரும் ஒரே பெண்ணாக நான் நடித்த படம். என் காட்சி ஒன்றுகூட இல்லை. கடைசியில் கதாநாயகன் தாத்தா வேடத்தில் வயிறு குலுங்கச் சிரித்தபோது என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏட்டி, இது உன் சிரிப்புல்லா?"

என்னுடையதேதான். படப்பிடிப்பில் என்னைத் தனியாகச் சிரிக்கவைத்துப் பதிவு செய்தது இதற்குத்தானா!

உடனே அந்த மலையாளி டைரக்டருக்குப் போன் போட்டேன்.

"சேச்சி, பொம்பளை தாத்தாவா வந்தா ஆள்காரு ஏத்துக்க மாட்டாங்க. பட்சே உங்க சிரிப்பு அடிபொளி, பிரமாதம்!" என்றான்.

"மூஞ்சி வேண்டாம், தொண்டை மட்டும் வேணுமோ? பேராவது போட்டியளா?"

"அது விட்டுப்போச்சு சேச்சி."

"நாளைக்கு மறுபடி போடும்போது என் பேரு வரணும். இல்லேன்னா உங்க ஆபீஸ் வாசல்ல வந்து நின்னு சிரிப்பேன்."

நான் போனை வைத்துவிட்டேன்.

சொல்லியாயிற்று. இவ்வளவு ஆத்திரத்தில் நாளைக்கு அந்த வாசலில் போய் நின்றால் சிரிப்பு வருமா என்பதுதான் தெரியவில்லை.