செத்தவன் திரும்பி வந்த கேசட்

லைட்ஹவுஸ் குப்பம்
14.9.1986

இஸ்மாயிலுக்கு,

துளசிங்கம் எழுதுவது. நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. துபாயிலிருந்து நீ அனுப்பிய புது கேசட் என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டது.

அந்த ஆகாயக் கப்பல் படத்தை நாலு வருஷமாக இங்கே வீடியோவில் போடுகிறோம். இங்கிலீஷ் புரியாத ஜனத்துக்கு டி.வி. பக்கத்தில் நின்று கதை சொல்பவன் நான். கடைசியில் கதாநாயகனான ஆகாயக்காரன் தன்னோடு வந்தவர்களைக் காப்பாற்றிவிட்டு அங்கேயே செத்துப்போவான். போன சனிக்கிழமை அதே படம் என்று உன் புது கேசட்டைப் போட்டு, அவன் செத்தான் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் கடலில் வந்து இறங்கி, மனைவியைக் கட்டிக்கொள்கிறான். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது.

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. ஏரியில் குறித்த இடத்தில், குறித்த நாளில் வலை போட எங்கள் வீட்டுக்கு உள்ள முறையை நைனா சாகுமுன் வரதனுக்கு ஒரே ஒரு வருஷத்துக்கு விட்டுக்கொடுத்தார். எழுத்து எதுவும் கிடையாது, உடன் இருந்த நான்தான் சாட்சி. வருஷம் முடிந்தும் அவன் விடவில்லை. நான் பஞ்சாயத்தில் முறையிட்டதும் எழுந்து, "உயிரோட இருக்கிறவனை நாலு வருஷமா செத்தான்னு சொன்ன வாய் இது. இத்த நம்பச் சொல்றீங்களா?" என்றான். தலைவர் நீலமேகமும் தலையாட்டுகிறார்.

பழைய படத்தில் அவன் செத்தது நிஜம் என்று ஊருக்கு ஒரு கடிதம் எழுது. இறால் ஏறும் ஐப்பசிக்குள் வரவேண்டும். உன்னால் வந்த வினை, நீயே தீர்த்து வை.

துளசிங்கம்


786
துபாய்
2.10.1986

துளசிக்கு,

ஓசியில் கேசட் அனுப்பியவனுக்கு நல்ல மரியாதை. கம்பெனிக்காரன் படத்தைத் திருத்தி, முடிவை மாற்றி வெளியிட்டிருக்கிறான். அட்டையிலேயே போட்டிருக்கிறது. நாலு பேருக்குக் காட்டும் முன் நீ ஒரு தடவை பார்த்திருக்க வேண்டாமா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

நீயும் ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை. ஆகாயக்காரனின் அம்மா வேண்டிக்கொண்டு விரதம் இருந்ததாக நீ அவிழ்த்துவிட்டதை லீவில் வந்தபோது நானே உட்கார்ந்து கேட்டேன். அந்தப் படத்தில் அவனுக்கு அம்மாவே கிடையாது.

கேட்ட கடிதத்தைத் தலைவர் பெயருக்கே அனுப்பிவிட்டேன். இனி இப்படி அதட்டி எழுதாதே.

முகம்மது இஸ்மாயில்


லைட்ஹவுஸ் குப்பம்
5.11.1986

இஸ்மாயில்,

உன் கடிதத்தைப் பஞ்சாயத்தில் வாசித்தார்கள். பழைய படத்தில் அவன் செத்தது உண்மை என்று எழுதியிருந்தாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஜனத்துக்குப் பிடிக்காததைக் கம்பெனியே மாற்றிவிட்டது, புதுசுதான் நன்றாயிருக்கிறது, எல்லோரும் அதையே ஏற்றுக்கொண்டார்கள் என்று எதற்காக எழுதினாய்? அதை யார் கேட்டார்கள்?

தலைவர் அந்தக் கடைசி வரிகளை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "துளசிங்கம் பொய் சொல்லல, ஒத்துக்கிறோம். ஒங்க நைனா ஒரு வருஷம்னுதான் சொல்லியிருப்பார். ஆனா படக்காரனே பழச மாத்திக்கினான், நாம மாத்திக்கினா இன்னா?" என்றார். முறை வரதனுக்கே என்று முடிந்தது.

வரதனின் இறாலை வாங்குவது உன் அண்ணன் இனாயத்துல்லா. அது எனக்குத் தெரியாதென்று நினைத்தாயா? எட்டாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் என்றுதான் உன்னிடம் கேட்டேன். கேட்ட வாயை நானே அடித்துக்கொள்ள வேண்டும்.

நீ அனுப்பிய கேசட் அத்தனையும் உங்கள் வீட்டில் கொடுத்துவிட்டேன். உன் கடிதம் வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன். திங்கட்கிழமையிலிருந்து எங்கள் இடத்தில், எங்கள் முறை நாளில், வரதனுக்குக் கூலி ஆளாக வலை இழுக்கப் போகிறேன்.

துளசிங்கம்