படகில் அம்மா இல்லாத மூன்று நாள்

தோணிரேவு
14.9.2025

அன்புள்ள தர்ஷினிக்கு நைனா எழுதுவது. நீயும் உன் ஆராய்ச்சி எலிகளும் அந்த ஜெர்மனிக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே தம்பி ராகுல் சுகம், கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறான், நானும் சுகம், அம்மா முக்கால்வாசி சுகம். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று சிரிக்காதே. நம் வீட்டில் போனை எடுத்தால் ஸ்பீக்கரில்தான் போடுகிறோம், இதில் எழுதப்போவது எனக்கு வாயால் சொல்ல வராதது.

ஆடியில் நடந்ததை அம்மா உன்னிடம் அரைகுறையாகத்தான் சொல்லியிருப்பாள். முந்தின சாயங்காலம் போட்ட நண்டு வலையை எடுக்க விடிந்ததும் போனோம். எப்போதும்போல நான் கழி ஊன்ற, அவள் முன்னால் உட்கார்ந்து லைட்ஹவுஸையும் கரையில் இருக்கிற பனைகளையும் பார்த்துப் பார்த்துக் கை காட்டிக்கொண்டே வந்தாள். நடு ஏரியில் கை இறங்கிவிட்டது, தெரியலனு சொன்னாள். இரண்டு மணி நேரம் சுற்றினோம், வெயில் ஏறிவிட்டது, பாதி வலைதான் கிடைத்தது. அந்த எரிச்சலில் கரைக்கு வந்ததும், ஏலம் எடுக்க நிற்கிற அத்தனை பேர் முன்னாலும் இன்னாடி, மூளை கரைஞ்சு பூடுச்சானு கேட்டுவிட்டேன். கூடையை வைத்துவிட்டு நடந்து போனவள்தான், இரண்டு மாதம் படகுப் பக்கமே வரவில்லை. அதோடு ஒருநாள் பொன்னேரியில் பஸ் ஏறும் இடம் மாறிப்போய் அழுதுகொண்டே வீடு வந்தாள். உன் அத்தை அம்மணி காத்து கருப்பு என்றாள். அம்மாவோ தனக்குப் புத்தி பேதலிக்கிறது என்று முடிவே கட்டிவிட்டாள், சாவியைக் காணோம் என்றால்கூடக் கண் கலங்கிவிடும்.

போன வாரம் போனில் நீ அவளுக்கு விளக்கிச் சொன்னாயே, நானும் சுவரோரம் நின்று கேட்டேன். மூளையில் வழியை ஞாபகம் வைக்க ஓர் இடம் இருக்கிறது, அங்கே உள்ள செல்களில் பொடிப்பொடியாக முள் மாதிரி முளைப்பதும் உதிர்வதும் மாதவிலக்கு ஹார்மோன் ஏறி இறங்குவதோடு சேர்ந்து நடக்கிறது, எலிக்கு அது நாலைந்து நாளுக்கு ஒரு சுற்று, ஹார்மோன் ஏறி நிற்கும்போது அந்தச் செல்கள் இடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கின்றன என்று சொன்னாய். மாதவிலக்கு நிற்கப்போகிற அம்மா வயதில் அந்த ஹார்மோன் தாறுமாறாக ஏறி இறங்கும், தடுமாற்றம் வரலாம், நிறைய பேருக்குப் போகப்போகச் சரியாகும், மனுஷிகள் விஷயத்தில் இன்னும் கண்டுபிடிக்க வேண்டியது எவ்வளவோ இருக்கிறது, எதற்கும் டாக்டரிடம் காட்டுங்கள் என்றாய். முகத்துவாரம் திறப்பதும் அடைவதுமாக இருந்தால் ஏரித் தண்ணீர் ஒரு நிலையில் இல்லாத மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். பொன்னேரி டாக்டரம்மாவும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்.

அம்மாவுக்கு நிம்மதி வந்தது, எனக்குப் போய்விட்டது. இருபத்தைந்து வருஷமாக மாதத்தில் மூன்று நாள் நான் அவளைப் படகில் ஏற்றியதில்லை, நம் வழக்கம் உனக்குத் தெரியும். அந்த மூன்று நாளும் தனியாகப் போய் கொஞ்ச வலையும் கொஞ்ச நண்டுமாகத் திரும்புவேன். வீட்டில் தீட்டை வைத்துக்கொண்டு போனால் ஏரி எப்படிக் கொடுக்கும் என்று பேசுவேன், அவளும் குற்றம் செய்தவள்போலத் தலை குனிந்து உட்கார்ந்திருப்பாள். அட மடையா, வழி தெரிந்தவளை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் வலை எப்படிக் கிடைக்கும்? ரங்கன் வலை போட்ட இடம் ரங்கனுக்கே தெரியாது மகளே. இத்தனை வருஷம் ஊரில் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கினதெல்லாம் அவள் கை காட்டினதை வைத்துத்தான்.

நேற்றுச் சாயங்காலம் அவளைக் கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டிப்போனேன். அதே ஆட்கள் இருந்தார்கள். ஏலம் விடுகிற ஆதிநாராயணன், இன்னா ரங்கா, அண்ணிக்கு வழி தெரிஞ்சிடுச்சானு கேலி பண்ணினான். எனக்குத்தான்டா என்னிக்குமே தெரியாது, அவ இல்லாத நாள்ல எல்லாம் குருட்டாம்போக்குல சுத்தினவன் நான்னு சத்தமாகவே சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். அவள் சொன்ன இடத்தில் வலை போட்டோம். இன்று காலை எடுக்கப் போனபோது நடு ஏரியில் மறுபடியும் தெரியலனு சொன்னாள். எனக்கும்தான் தெரியலனு நான் சொன்னேன். அதற்குச் சிரித்தாள் பார், இரண்டு மாதத்துக்குப் பிறகு. அப்புறம், கொஞ்சம் சும்மா இரு, பாக்க வுடுனு சொல்லிவிட்டு வெகுநேரம் கரையையே பார்த்தாள். நேரம் ஆயிற்று, ஆனால் எல்லா வலையும் கிடைத்தது.

திரும்பும்போது, இனிமே எந்த நாளும் வா மாலதி, அந்த மூணு நாளும் வானு சொன்னேன். அதுவே நிக்கப் போற நேரத்துல வந்து சொல்றியேய்யானு கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கழியை ஊன்றிக்கொண்டே வந்தேன், வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, எலிக்கு வைத்துவிட்டு நீ மறந்துவிடாதே. அம்மாவுக்குப் போன் செய்தால் உடம்பு எப்படி, தலை எப்படி என்று கேட்காதே, இன்று நண்டு எவ்வளவு என்று கேள். கங்கையம்மன் உன்னைக் கண்ணாகக் காப்பாற்றட்டும், படிப்பு நல்லபடியாக முடியட்டும். இன்னும் ஒன்று. உனக்குப் பதிமூன்று வயதில் ஒருநாள் அழ அழப் படகிலிருந்து இறக்கிவிட்டேன். லீவுக்கு வரும்போது எந்த நாளாக இருந்தாலும் என்னைக் கேட்காமல் ஏறு, அம்மா பக்கத்தில் உட்கார்.

உன் நைனா
ரங்கன்