தைத்தவர்கள் மட்டும் நுழையும் அறை

நியூ ஆர்லியன்ஸ்,
நவம்பர் கடைசி

அன்பு லூசியன்,

இந்தக் கடிதத்தைப் பிரிக்கும்போது உன் விரல்களில் சூடும் வயிற்றில் சாப்பாடும் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். அலாஸ்கா கடலில் மீன் தொழிற்சாலைக் கப்பலில் நிற்கிறவனுக்கு நான் குளிரைப் பற்றி என்ன சொல்ல. இங்கே எல்லோரும் நலம் என்று எழுத ஆசைதான். உன் அப்பா நடமாடுகிறார், நான் வேலைக்குப் போய் வருகிறேன், உன் தங்கை ஒதெட் மூச்சு விடுகிறாள். பொய் கலக்காமல் எழுத முடிந்தது இவ்வளவுதான்.

ஃபோனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். வீட்டில் சுவர் இல்லையடா. புயலில் தண்ணீர் ஏறிய சுவர்ப் பலகைகளையெல்லாம் இடுப்புயரத்துக்கு அறுத்து எடுத்துவிட்டார்கள், வெறும் மரச்சட்டங்கள்தான் நிற்கின்றன. சமையலறையில் நான் பெருமூச்சு விட்டால் குளியலறையிலிருந்து உன் அப்பா, என்ன ஆச்சு யூலாலி, என்கிறார். முழுச் சுவரோடு நிற்பது ஒரே ஒரு அறை, பின்பக்கத்தில் இருக்கும் அவருடைய தையல் அறை. இந்தக் கடிதமே அந்த அறையைப் பற்றியதுதான். பள்ளி நூலகத்தில் என் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன், பிள்ளைகள் சாப்பிடப் போயிருக்கிறார்கள்.

வீடு முழுக்கப் பூஞ்சை பிடித்ததை உனக்கு ஏற்கெனவே சொன்னேன். அதை எடுப்பதையே தொழிலாகச் செய்கிற டெல்மி என்கிற ஹோண்டுராஸ்காரி மூன்று ஆட்களோடு வந்தாள். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, வாயில் முகமூடி, வாசலுக்கு வாசல் பிளாஸ்டிக் திரை கட்டி ஓரமெல்லாம் ஒட்டி, உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சி வடிகட்டி வெளியே தள்ளும் இயந்திரத்தை ஓடவிட்டார்கள். வீடு விமானம் மாதிரி இரைந்தது. சட்டம் சட்டமாகக் கம்பித் தூரிகையால் தேய்த்து, தூசி உறிஞ்சி, துடைத்துக் காயவைத்தார்கள். திங்கட்கிழமை உன் அப்பா அவர்களுக்குச் சிவப்பு பீன்ஸும் சோறும் தன் கையால் சமைத்துப் போட்டார், ஒரே சிரிப்பும் பேச்சும்தான். ஆனால் பின்னறைக்கு வந்தபோது கதவுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். இது ஒரு படி உசரம்மா, இங்க தண்ணி ஏறல, இத விட்டுடு, என்றார். பாக்காம எப்படி விடுறது சார், என்றாள் அவள். என்னக் கட்டிக்கிட்டவளே உள்ள வந்ததில்ல, நீ யாரு பாக்க, என்று சிரித்துக்கொண்டே சொன்னார், ஆனால் நகரவில்லை. டெல்மி என்னைப் பார்த்தாள். மார்டி கிரா திருவிழாக் காலையில் உன் அப்பாவின் ஊர்வலக் கூட்டம் இறகு உடையோடு தெருவில் இறங்கும் வரை, அந்த உடையைத் தைத்தவர்கள் தவிர வேறு யாரும் அதைப் பார்க்கக் கூடாது, நான் தைக்காதவள், அந்த வாசலில் எனக்குப் பேச்சு கிடையாது. அப்ப அந்த ரூமுக்கு நான் பொறுப்பில்ல, என்று சொல்லிவிட்டு அவள் மற்ற வேலையை முடித்துப் போனாள்.

வீடு சுத்தம் என்று நம்பி, அதுவரை வெளியே தங்கவைத்திருந்த ஒதெட்டை அழைத்து வந்தோம். தன் கட்டிலில் படுத்துக் கையையும் காலையும் நீட்டிக்கொண்டு எவ்வளவு சந்தோஷப்பட்டாள் தெரியுமா. அந்த வாரம் முடிவதற்குள் இருமல், பிறகு இழுப்பு, இன்ஹேலர் கேட்கவில்லை, உதடு நீலம் பூத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மூக்கில் வைத்திருந்த முகமூடியை விலக்கிவிட்டு என்னிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை, அப்பாகிட்ட ரொம்பச் சொல்லாதம்மா, அவரு பயந்துடுவாரு, என்பது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அந்த வீட்டுக்குத் திரும்பக் கூட்டிப் போகாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார், பேட்டன் ரூஜில் உன் வெர்னா சித்தி வீட்டில் விட்டிருக்கிறேன். சித்தியின் வாயைப் பற்றி உனக்குத் தெரியும். உன் புருஷன் இறகு முளைச்சுப் பறந்துடுவான், இந்தப் புள்ள எங்கடி பறக்கும், என்று என் முகத்துக்கு நேரே கேட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது.

டெல்மியைத் திரும்பக் கூப்பிட்டேன். ஈரம் காட்டும் கருவியோடு வந்து, பின்னறைச் சுவரை நடைப் பக்கத்திலிருந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், தொட்ட இடமெல்லாம் கருவி கத்தியது. படி உயரம் என்பதெல்லாம் சரிதான், ஆனால் ஓதம் படி பார்த்தா ஏறும், சுவருக்குள்ளேயே மேலே போயிருக்கிறது. உன் அப்பா உள்ளே பிளீச் ஊற்றித் துடைத்து மேலே பெயின்ட் அடித்திருக்கிறார், அந்த வாசனையை நான்தான் புது உடைக்கான பசை என்று நினைத்தேன். எம் முதல் புருஷனும் இப்படித்தான் ஒரு ரூமப் பூட்டியே வெச்சிருந்தான், திறந்தா உள்ள ஒருத்தி இருந்தா, உங்க ரூம்ல என்ன இருக்கு, என்று கேட்டாள் டெல்மி. சிரிப்பு வந்தது, சிரித்து முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். துணி, இறகு, மணி வேலை, என்றேன். கண்ணாடி மணிய எப்படியும் சுத்தம் பண்ணிடலாம், மணி தைச்ச கான்வாஸ் துணியப் பாத்துதான் சொல்லணும், இறகு மட்டும் குப்பைக்குத்தான், பூஞ்ச புடிச்ச இறக வெச்சுக்கிட்டு நீங்க எத்தன தடவ கூப்பிட்டாலும் நான் வருவேன், ஆனா புள்ள வர முடியாது, என்றாள்.

இந்த வருடம் என்ன வருடம் என்று உனக்குத் தெரியாததா. கூட்டத்தின் பழைய தலைவர், செலஸ்தான் பெரியவர், இறந்த பிறகு எல்லோரும் உன் அப்பாவைத் தலைவர் என்று கூப்பிட்டார்கள். முதன்முறையாகத் தலைவர் கிரீடத்தோடு தெருவில் நடக்கப் போகிறார். மார்டி கிரா முடியட்டும் யூலாலி, அப்புறம் வீட்டையே வேணா கொளுத்து, என்றார். அது வரைக்கும் அவ மூச்சு காத்திருக்குமா ஒக்டேவ், என்று கேட்டேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு அவரும் இருமுவது கேட்டது, உடனே ரேடியோவை வைத்தார். மகளை விட உடைதான் பெரிது என்று அவர் நினைப்பதாக வெர்னா சொல்கிறாள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த அறையில்தான் பூஞ்சை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால், மகளின் மூச்சை அடைத்தது தன் பூட்டுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அது அவரால் முடியவில்லை, அதனால் குனிந்து தைத்துக்கொண்டே இருக்கிறார். புரிகிறது. ஆனால் புரிந்துகொண்டு நான் என்ன செய்ய. பிள்ளைக்கு மூச்சு வேண்டும்.

நேற்று நான் கார் ஓட்டிக்கொண்டிருந்தபோது ஒதெட் ஃபோனில் ஒன்று கேட்டாள். தைக்கிறவங்க பாக்கலாம்லம்மா, என்றாள். ஆமாம் என்றேன். அப்போ அந்த வெள்ள டிரெஸ் ஆளுங்களையும் தைக்கச் சொல்லு, ஆளுக்கு ஒரு மணி தைச்சா போதும்ல, என்றாள். காரை ஓரமாக நிறுத்திவிட்டேன். இத்தனை நாள் நான் கத்தியும் கெஞ்சியும் தேடிய வழி இந்தப் பிள்ளை வாயில் இருந்திருக்கிறது. டெல்மியிடம் கேட்டேன், கேலி செய்வாள் என்று பயந்துகொண்டேதான். எங்கம்மா தையல்காரி, எனக்கு ஊசி புடிக்கத் தெரியாதா, பசங்களுக்கும் நானே கோத்துக் குடுக்கிறேன், என்ன கலர் மணி, என்றாள். எனக்குத் தெரியவில்லை. புருஷன் தைக்கிற கலர் கூடத் தெரியாத பொண்டாட்டிய இப்பத்தான் பாக்கறேன், என்று அவள் சிரித்தாள்.

லூசியன், இதை நான் போய்ச் சொன்னால் உன் அப்பா காதில் ஏறாது, தைக்காதவள் குறுக்குவழி கண்டுபிடிக்கிறாள் என்பார். எட்டு வயதிலிருந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து விரலைக் குத்திக்கொண்டு தைத்தவன் நீ. கரைக்கு வந்து ஃபோன் கிடைத்ததும் அவரைக் கூப்பிடு. தைத்தவனாகப் பேசு. மணி வேலையை டெல்மி ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து தரப் பார்ப்பாள் என்று சொல், இறகு போனால் மார்டி கிராவுக்கு முன் புதிய இறகு வைக்க நேரம் இருக்கிறது, கூட்டத்துக் கைகள் எல்லாம் வந்து உட்காரும் என்று சொல். மகளைப் பற்றிக் குற்றம் சொல்லாதே. அதை அவரே தனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உனக்கு அனுப்பிய கம்பளித் தொப்பியைக் காது மூடிப் போட்டுக்கொள், ஈரக் கையுறையோடு நிற்காதே, சளி கட்டினால் அசட்டை செய்யாமல் மருந்து எடு. இந்த வீட்டில் ஒரு நுரையீரலுக்காக அழுவது போதும். ஒதெட்டைச் சித்தி வீட்டில் கூப்பிட்டுப் பேசு, உன் குரல் கேட்டால் அன்று கொஞ்சம் சாப்பிடுகிறாள். கடலும் குளிரும் உன்னைப் பத்திரமாகத் திருப்பித் தரட்டும், நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், உன் கைகள் ஒரு நாளும் வெறுமையாக இருக்க வேண்டாம்.

மறக்காதே, டிசம்பர் பத்தாம் தேதி, வியாழக்கிழமை காலை, டெல்மி வருகிறாள். நானும் அவர்களோடு அந்தக் கதவுக்கு முன்னால் நிற்பேன். இத்தனை வருடம் எட்டிக்கூடப் பார்க்காதவள், ஊசி வாங்கி வைத்துவிட்டேன், எனக்கும் சேர்த்துத்தான். கார் டிக்கியில் சுத்தியலும் இருக்கிறது. அன்று என் கையில் எது இருக்க வேண்டும் என்பதை உன் அப்பா முடிவு செய்யட்டும். கதவு திறக்கும், அதில் மட்டும் மாற்றமில்லை.

ஊசியாகவே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்
உன் அம்மா
யூலாலி